தேரும் வடமும்: சமூக வலைத்தளங்களின் வளர்ச்சியில் பிரபலங்கள்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, முன்னிலை வகிக்கும் முன்னாள் துணைவேந்தர் அவர்களே, எனக்கு முன் பேசி நுகர்வோர் உரிமை குறித்து மிகத் தெளிவாக எடுத்துரைத்த வழக்கறிஞர் அம்மையார் அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி அன்பு மிகுதியால் நிறையவே சொல்லிவிட்ட செயலாளர் அவர்களே, இந்தத் தொடர் சொற்பொழிவு ஓர் ஆண்டும் தடைப்படாமல் நடக்கத் துணைநிற்கும் புரவலர் பெருமக்களே, கடைசி வரிசை வரை நிறைந்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் அவர்கள் தம் தொடக்கவுரையில் ஒரு கேள்வி எழுப்பினார்கள். ஒரு வலைத்தளம் வளர்கிறது என்றால் அதில் கணக்குகள் பெருகுகின்றன என்று பொருளா, பேச்சு பெருகுகிறது என்று பொருளா என்று கேட்டார்கள். இன்றைய தலைப்பின் உயிர்நாடியே அதுதான். எனக்குக் கொடுத்த நேரத்தில் மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். பிரபலங்கள் ஒரு சமூக வலைத்தளத்திற்கு எதைக் கொண்டுவருகிறார்கள் என்பது முதலாவது. அவர்கள் திரட்டிய கூட்டத்தைத் தாங்க அந்தத் தளத்தின் பொறியாளர்கள் பட்ட பாடு இரண்டாவது. அவர்களுடைய சொல்லுக்குப் பின்னால் புழங்கும் பணம் மூன்றாவது. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழியை நான் ஏறும் மேடைகளிலெல்லாம் சொல்வதுண்டு. இங்கும் அதுவே எனக்கு வழித்துணை.

2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நடந்த ஒரு போட்டியைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். ட்விட்டர் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கணினித் துறையினரும் செய்தியாளர்களும் அதை நன்கு அறிந்திருந்தார்கள். வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதன் பெயர்கூடப் புதிது. அந்த நேரத்தில் ஆஷ்டன் குட்சர் என்ற ஹாலிவுட் நடிகர், சிஎன்என் செய்தி நிறுவனத்தை நேருக்கு நேர் போட்டிக்கு அழைத்தார். பத்து லட்சம் பின்தொடர்வோரை முதலில் எட்டுவது யார் என்பதே பந்தயம். தாம் வென்றால் மலேரியா ஒழிப்புப் பணிக்குப் பத்தாயிரம் கொசுவலைகள் தருவதாக அவர் அறிவித்தார். சிஎன்என் தரப்பில் அதன் நேர்காணல் தொகுப்பாளர் லாரி கிங் அந்தச் சவாலை ஏற்றுப் பதில் கொடுத்தார். தனி மனிதர் ஒருவர் உலகம் அறிந்த செய்தி நிறுவனத்தோடு மோதுகிறார் என்ற ஒன்றே மக்களை இழுக்கப் போதுமானதாக இருந்தது. அவருக்காகக் கணக்குத் தொடங்கியவர்கள் உண்டு. அவர் தோற்க வேண்டும் என்பதற்காகவே தொடங்கியவர்களும் உண்டு. ஏப்ரல் 17ஆம் நாள், அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி கடந்த வேளையில், குட்சர் பத்து லட்சத்தைத் தொட்டார். அரை மணி நேர அளவில் சிஎன்என் கணக்கும் தொட்டது. அன்றே ஓப்ரா வின்ஃப்ரே தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ட்விட்டரின் நிறுவனர்களுள் ஒருவரான இவான் வில்லியம்ஸை அருகில் அமர்த்திக்கொண்டு தம் முதல் பதிவை இட்டார். வணக்கமும் நன்றியுமாக அவர் இட்ட அந்தப் பதிவின் சொற்கள் ஏறக்குறைய முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலேயே இருந்தன. அதைக் கண்டவர்கள், இவருக்கும் இது புதிதுதான், நாமும் முயன்று பார்க்கலாம் என்று துணிந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். ஒரு பிரபலம் ஒரு தளத்துக்குச் செய்யும் பெரிய உதவி இந்தத் தயக்கத்தைப் போக்குவதுதான்.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு பகுதி இருக்கிறது. போட்டியில் நின்ற அந்தச் சிஎன்என் கணக்கைத் தொடங்கியது சிஎன்என் இல்லை. பிரிட்டனைச் சேர்ந்த ஓர் இளைஞர், அந்த நிறுவனத்தின் அவசரச் செய்திகள் உடனுக்குடன் கைக்கு வர வேண்டும் என்ற தம் சொந்த ஆர்வத்தால், 2007இல் தொடங்கி நடத்திவந்த கணக்கு அது. போட்டி உச்சத்தில் இருந்த அதே வாரத்தில்தான் நிறுவனம் அதை முறைப்படி தன்வசம் எடுத்துக்கொண்டது. ஒரு பக்கம் நடிகர், மறுபக்கம் பெரும் நிறுவனம் என்று உலகம் பார்த்த பந்தயத்தில், ஒரு தேரைப் பாதித் தூரம் இழுத்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தவர் பெயர் அறியாத ஒரு சாதாரண மனிதர். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். தேரின் மேல் இருப்பவரைத் தூரத்திலிருந்தே எல்லோருக்கும் தெரிகிறது. வடம் பிடித்தவரை அருகில் போனால்தான் தெரிகிறது.

அப்படி வந்த கூட்டம் தங்கியதா? அந்த ஏப்ரல் மாத இறுதியிலேயே, பார்வையாளர்களைக் கணக்கிடும் நீல்சன் நிறுவனம் தன் கணிப்பை வெளியிட்டது. ஒரு மாதம் ட்விட்டருக்கு வந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அடுத்த மாதம் திரும்பி வரவில்லை என்பது அதன் முடிவு. வாசல் வரை அழைத்துவரப் பிரபலத்தால் முடிகிறது. உள்ளே உட்கார வைக்கப் பேச்சுத்துணை வேண்டும். அந்தப் பேச்சுக்கான கருவிகளைச் செய்தவர்கள் யார் என்று பாருங்கள். ஹேஷ்டேக் என்ற குறியை 2007 ஆகஸ்டில் முன்மொழிந்தவர் கிறிஸ் மெசினா. அவர் அந்த நிறுவனத்தின் ஊழியர் இல்லை, அதைப் பயன்படுத்தியவர்களுள் ஒருவர். பிறர் சொன்னதை அவர் பெயரோடு எடுத்து மறுபடி பகிரும் ரீட்வீட் வழக்கமும் பயனர்கள் தாமாகவே உண்டாக்கியது. நிறுவனம் அதற்கொரு பொத்தான் வைத்தது 2009 இறுதியில்தான். பெயருக்கு முன் ஒரு குறியிட்டு ஒருவரை அழைக்கும் வழக்கமும் அப்படி வந்ததே.

மைஸ்பேஸ் தளத்தின் கதையும் இதற்குச் சான்று. 2005இல் 58 கோடி டாலருக்கு விலைபோன அந்தத் தளம், 2011இல் சுமார் 3.5 கோடி டாலருக்குக் கைமாறியது. வாங்கியவர்களோடு முதலீட்டாளராகச் சேர்ந்தவர் பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக். புகழின் உச்சியில் இருந்த அவராலும் கலைந்துபோன கூட்டத்தை மீண்டும் கூட்ட இயலவில்லை. 2018 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கைலி ஜென்னர், ஸ்னாப்சாட் என்ற படப்பகிர்வுச் செயலியைத் தாம் திறப்பதே இல்லை என்ற பொருளில் ஒரு வரி எழுதினார். அந்த நிறுவனத்தின் சந்தை மதிப்பு ஒரே நாளில் ஏறக்குறைய 130 கோடி டாலர் சரிந்தது. ஒரு வரியின் வலிமை இது என்று இன்றும் வியந்து எழுதுகிறார்கள். ஆனால் செயலியின் புதிய வடிவமைப்பைத் திரும்பப் பெறக் கோரி அதற்கு முன்பே பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இணையத்தில் கையொப்பமிட்டிருந்தார்கள். ஊர் ஏற்கெனவே வடத்தைக் கீழே போட்டிருந்தது. அவர் அதை உரக்கச் சொன்னார்.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபரில் தொடங்கியது. அடுத்த ஆண்டு பாடகர் ஜஸ்டின் பீபர் அதில் சேர்ந்தார். அவர் ஒரு படம் இட்டால் விழுந்த விருப்பங்களை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தில் புதிதாக எண்ணிக் காட்டுவது தளத்துக்குப் பெரும் சுமையாயிற்று. எண்ணிய தொகையைத் தனியே சேமித்து வைக்கும் முறைக்குப் பொறியாளர்கள் மாறினார்கள். ஒரு மனிதருடைய புகழுக்காக ஒரு தளத்தின் உள்கட்டமைப்பே மாறியது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். இதுபற்றி இன்னும் சொல்ல நிறைய உண்டு. ஆயினும் வழக்கறிஞர் அம்மையார் தம் உரையில் தொட்டுக்காட்டிய பொருள் என்னை மூன்றாவது செய்திக்கு இழுக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன், நான் இந்த மேடைக்கு வந்ததே அதற்காகத்தான்.

திரைப்படத்திலும் விளம்பரப் பலகையிலும் தோன்றும் பிரபலம் பேசுவது பிறர் எழுதிக் கொடுத்த வசனம் என்பது குழந்தைக்கும் தெரியும். சமூக வலைத்தளம் அவருக்குக் கொடுத்தது வேறு வகையான குரல். இது அவரே எழுதியது, அவர் வீட்டுச் சமையலறையிலிருந்து, அவர் கைப்பேசியிலிருந்து வந்தது என்ற நம்பிக்கை அது. போலிக் கணக்கு ஒன்றுக்காக பேஸ்பால் அணி மேலாளர் ஒருவர் வழக்குத் தொடுத்ததை ஒட்டி 2009இல் ட்விட்டர் கணக்குச் சரிபார்ப்பைக் கொண்டுவந்ததும், இந்தக் குரல் இவருடையதுதான் என்று மக்களுக்கு உறுதி சொல்லவே. தளம் வளர்ந்தது இந்த நம்பிக்கையின் மேல். அந்த நம்பிக்கையைத்தான் இன்று கூலிக்கு விடுகிறார்கள்.

அமெரிக்காவின் வணிக ஆணையம் 2017இல் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பிரபலங்களுக்கும் நிறுவனங்களுக்கும், பணம் பெற்று இடும் பதிவில் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கடிதம் எழுதி நினைவூட்டியது. அதில் நுட்பமான ஒரு குறிப்பு உண்டு. கைப்பேசியில் இன்ஸ்டாகிராம் பார்ப்பவருக்கு நீண்ட பதிவின் முதல் மூன்று வரிகளே தெரியும்; மேலும் படிக்கத் தட்டினால்தான் மற்றவை விரியும்; ஆகவே பணம் பெற்ற செய்தியை அதற்கு மேலேயே சொல்லிவிட வேண்டும் என்றது ஆணையம். நீங்களே ஒரு பதிவை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். சிரித்த முகம், கையில் ஒரு குப்பி, தோல் பளபளப்பதாக மூன்று வரி. கீழே மறைந்திருக்கும் பகுதியில் இருபது ஹேஷ்டேக்குகள் வரிசையாக நிற்கும். பதினேழாவதாக, இது விளம்பரம் என்ற சொல் ஒளிந்திருக்கும். தட்டிப் பார்க்கும் பொறுமை எத்தனை பேருக்கு உண்டு?

விளம்பரம் என்ற சொல் இருந்தால் மட்டும் போதுமா என்றால், எப்போதும் போதாது. 2021இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் ஒரு கிரிப்டோ நாணயம் பற்றி இன்ஸ்டாகிராமில் பதிவிட்டார். விளம்பரம் என்ற சிறு குறி அதில் இருந்தது. அதற்காக அவர் பெற்ற இரண்டரை லட்சம் டாலர் பற்றிய பேச்சு அதில் இல்லை. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் தொடர்ந்த நடவடிக்கையில், குற்றத்தை ஏற்கவும் இல்லை மறுக்கவும் இல்லை என்ற நிலையில், 2022 அக்டோபரில் 12.6 லட்சம் டாலர் செலுத்த அவர் ஒப்புக்கொண்டார். முதலீடு பற்றிய பேச்சில் யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்பதும் வாசகனுக்குத் தெரிய வேண்டும் என்று சட்டம் அங்கே சொல்கிறது. மற்றப் பொருள்களுக்கும் அந்த நேர்மை ஏன் கூடாது என்றுதான் நான் கேட்கிறேன்.

பிரபலங்களின் உழைப்புக்கு ஊதியம் கூடாது என்று நான் சொல்லவில்லை. பத்து லட்சம் பேர் திரும்பிப் பார்க்கும்படி ஒரு சொல் சொல்வதும் உழைப்புதான். என் கோரிக்கை ஒன்றே ஒன்று: பணம் பெற்றுச் சொல்கிறேன் என்பதைப் பதிவின் முதல் வரியிலேயே, அந்தப் பதிவின் மொழியிலேயே எழுதுங்கள். இன்ஸ்டாகிராம் 2017 முதலே கட்டணக் கூட்டுப் பதிவுக்கென ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. கருவி கையில் இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்தும் மனம் வேண்டும். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது அந்தத் தேர் எந்தத் தெருவுக்குப் போகிறது என்று வடம் பிடித்தவனுக்குச் சொல்ல வேண்டாமா?

அரசியல் தலைவர்களின் கணக்குகள் பற்றியும் பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டிருந்தார்கள். அதை இன்னொரு நாளுக்கு ஒத்திவைக்க அவர்கள் பொறுத்தருள வேண்டும். அரங்க வாசலில், இடப்பக்க மேசை மேல் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறோம். முதல் வரியில் அறிவிப்பு என்ற கோரிக்கை அதில் நான்கே வாக்கியங்களில் இருக்கிறது. படித்துப் பார்த்து, உடன்பாடு இருந்தால் கையொப்பமிடுங்கள். தலைவர் அவர்கள் முதல் கையொப்பத்தை இட்டுத்தான் மேடைக்கே வந்தார்கள். அவர்களுக்கும், இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்களுக்கும் என் நன்றி, வணக்கம்.