மனசு ஒப்பாத சேல்ஸ் வேலை: பாலக்கோட்டுத் தம்பியின் கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி. பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பி.காம். முடித்தவர். ஓசூரில் வீட்டுமனை விற்கிற ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. மாதம் பதினெட்டாயிரம் சம்பளம் என்று சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். நேரில் போன பிறகு, இரண்டு மனை விற்கும் வரை சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டும்தான் என்கிறார்கள். திங்கட்கிழமை ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு வந்து சேர வேண்டுமாம். "மனசு ஒப்பவில்லை. கைக்கு வந்ததை விடாதே என்கிறார் அம்மா. பயந்துபோய் நல்ல வாய்ப்பை விடுகிறேனா?" இதுதான் அவர் கேள்வி.

தம்பி, இது பயம் இல்லை. சேல்ஸுக்குப் போகிற எல்லாருக்கும் முதலில் கூச்சம் இருக்கும். தெரியாத ஆளிடம் எப்படிப் பேசுவது, டார்கெட் முடியுமா என்றெல்லாம் படபடப்பு வரும். வேலையில் இறங்கினால் அது தானாகப் போய்விடும். நீங்கள் எழுதியதில் அந்த மாதிரி ஒரு வரிகூட இல்லை. அந்த ஆபீஸில் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும்தான் எழுதியிருக்கிறீர்கள்.

சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள் என்று ஐம்பது பேரின் பெயரும் நம்பரும் எழுதச் சொல்லி ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். முதல் வரியில் பெரியப்பா பெயரை எழுதியிருக்கிறீர்கள். தக்காளி விற்ற காசை அவர் பேங்கில் போட்டு வைத்திருப்பது ஞாபகம் வந்ததும் பேனாவை மூடிவிட்டீர்கள். எனக்கு அந்த இடம்தான் முக்கியமாகப் பட்டது. அவர்களுக்கு வேண்டியது உங்கள் படிப்பு இல்லை, உங்கள் மேல் பெரியப்பா வைத்திருக்கிற நம்பிக்கை. அந்த ஐம்பது பேர் முடிந்ததும் உங்களிடம் என்ன மிஞ்சும் என்று அவர்கள் கவலைப்படப் போவதில்லை.

அப்ரூவல் இருக்கிறதா என்று நீங்கள் கேட்டதற்கு, "கஸ்டமரே கேட்க மாட்டான், நீ ஏன் கேட்கிறாய்" என்றாராம் மேனேஜர். அங்கேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேலான லேஅவுட்டை ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு செய்யாமல் விற்கக் கூடாது, விளம்பரமே செய்யக் கூடாது. கமிஷனுக்கு மனை விற்றுக் கொடுக்கிற ஏஜென்டும் பதிவு செய்திருக்க வேண்டும். ஏஜென்ட் பதியாமல் விற்றால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் ஏறும். சம்பளம் இல்லை, கமிஷன் மட்டும் என்கிறார்களே, நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் "அவர் எங்கள் ஸ்டாஃபே இல்லை, ஏஜென்ட்" என்று கைகழுவிவிட அது வசதி.

இன்னொன்று, "ஆறே மாதத்தில் பக்கத்திலேயே ஏர்போர்ட்" என்று பேசச் சொன்னது. ஓசூரில் 2000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தது உண்மை. ஆனால் நிலம் எடுக்க வேண்டும், மத்திய அரசின் அனுமதிகள் வேண்டும். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்திலேயே 150 கிலோமீட்டருக்குள் புதிய விமான நிலையம் வருவதற்கு 2033 வரை ஒரு தடை இருக்கிறது. இதெல்லாம் ஆறு மாதத்தில் முடிகிற காரியமா? அந்தப் பொய் உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்கிறார்கள். கேட்கிறவருக்குக் கம்பெனி முகம் தெரியாது, உங்கள் முகம்தான் தெரியும்.

சேல்ஸ் வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் டிராக்டர் ஷோரூமிலும் சொட்டுநீர்ப் பாசனக் கடையிலும் சேல்ஸ் பார்த்து மரியாதையாகக் குடும்பம் நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர். விற்ற ஆளை மறுபடி சந்தையில் பார்த்தால் அவர்கள் நின்று பேசுவார்கள். நீங்கள் அப்படிப் பேச முடியுமா என்று யோசியுங்கள்.

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் ஊர் கேட்கும், அந்தக் கேள்வி அவருக்குத்தான் வரும். அதனால் "பிடிக்கவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள், சோம்பல் என்றுதான் தோன்றும். பெரியப்பா பணம் கட்டிவிட்டு, அங்கீகாரம் இல்லாத மனை என்று பத்திரம் பதியாமல் திரும்பி வந்தால் அவர் வீட்டு வாசலை நாம் எப்படி மிதிப்பது என்று கேளுங்கள். அம்மாவுக்குப் புரியும்.

திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு போன் போடுங்கள். ரெரா பதிவு எண்ணும், சம்பளத் தொகை எழுதிய அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையான கம்பெனி என்றால் யோசிக்காமல் அனுப்பும். எண் வந்தால் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் சரிபாருங்கள். "நேரில் வா, பேசிக்கலாம்" என்று இழுத்தால் போகாதீர்கள். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். ஜெராக்ஸ் கொடுத்தால் போதும்.

அப்புறம், தருமபுரி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறார்கள். கட்டணம் கிடையாது. அடுத்த முகாம் என்றைக்கு என்று விசாரித்துவிட்டு, பயோடேட்டாவோடு போய்ப் பாருங்கள். பி.காம். படித்தவருக்குக் கணக்கு பார்க்கிற வேலையும் அங்கே வரும், சேல்ஸும் வரும். எதுவானாலும் சம்பளம் எவ்வளவு என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.