மூன்று நிமிடத்தில் அடங்காத இசை: ப்ரோக்ரசிவ் ராக் ரசிகர்களின் காதுக்கு வந்த வழி

[திரையில்: ஹைட் பார்க், கறுப்பு வெள்ளைப் படங்கள்]

1969 ஜூலை 5. லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் இலவசக் கச்சேரி. லட்சக்கணக்கில் கூட்டம். அன்று ஸ்டோன்ஸுக்கு முன்னால் மேடை ஏறிய குழுக்களில் ஒன்று கிங் கிரிம்ஸன். முதல் கச்சேரி செய்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஆல்பம் எதுவும் வரவில்லை. ஆனால் அக்டோபரில் முதல் ஆல்பம் வந்ததும் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 5-ஆம் இடம் வரை ஏறியது.

கிங் கிரிம்ஸன் வாசித்தது ப்ரோக்ரசிவ் ராக்: ராக் இசையை நீண்ட, சிக்கலான உருப்படிகளாக விரித்த பாணி. பலருக்கு அது இப்படித்தான் அறிமுகமானது. வேறு எதையோ கேட்க வந்தவர்களின் காதில் அது விழுந்தது.

காரணம், அதன் நீளம். அன்றைய பகல்நேர வானொலி மூன்று நிமிட சிங்கிள்களை, அதாவது தனிப்பாட்டுத் தட்டுகளை, நம்பி ஓடியது. இந்தக் குழுக்களோ எல்பி என்ற பெரிய இசைத்தட்டின் ஒரு பக்கத்தையே ஒரு பாட்டுக்கு எடுத்துக்கொண்டன. 1972-இல் யெஸ் குழு வெளியிட்ட 'க்ளோஸ் டு தி எட்ஜ்' 18 நிமிடத்துக்கும் மேல். அதைக் காலை நிகழ்ச்சியில் யார் போடுவார்கள்?

[திரையில்: இசைத்தட்டுக் கடை]

சரி, அப்புறம் எப்படிப் பரவியது? என்னைக் கேட்டால், விமர்சகர்களைவிட மலிவு விலைத் தொகுப்புத் தட்டுகளுக்குத்தான் பெரிய பங்கு உண்டு. சாம்ப்ளர் என்பார்கள். ஒரு கம்பெனியின் பல குழுக்களிடமிருந்து ஆளுக்கு ஒரு பாட்டு, முறுக்குக் கடையில் ருசி பார்க்க ஒரு துண்டு உடைத்துக் கொடுப்பதுபோல. 1968-இல் சிபிஎஸ் கம்பெனி பிரிட்டனில் 'தி ராக் மெஷின் டர்ன்ஸ் யூ ஆன்' என்ற சாம்ப்ளரை 15 ஷில்லிங்குக்கும் குறைவாக விற்றது. வழக்கமான எல்பி விலையில் அது பாதிகூட இல்லை. கைச்செலவுக் காசை வைத்திருந்த பள்ளி மாணவர்களால் அதை வாங்க முடிந்தது.

அடுத்த ஆண்டு ஐலண்ட் கம்பெனியின் 'நைஸ் இனஃப் டு ஈட்' வந்தது. ஃப்ரீ, ட்ராஃபிக், நிக் டிரேக், ஜெத்ரோ டல், கிங் கிரிம்ஸன் எல்லாம் ஒரே தட்டில். ஃப்ரீயின் ப்ளூஸ் பிடிக்குமே என்று வாங்கியவர் வீட்டில், அதே தட்டிலிருந்து கிங் கிரிம்ஸனும் ஒலித்தது. தயங்காமல் கேட்டுப் பார்க்க வைத்த அந்த விலையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அட்டைப்படமும் வேலை செய்தது. கிங் கிரிம்ஸன் முதல் ஆல்பத்தின் முன் அட்டையில் குழுவின் பெயர் கிடையாது, தலைப்பும் கிடையாது. வாய் பிளந்து அலறும் ஒரு முகம் மட்டும். வரைந்த பாரி காட்பர் 1970-இலேயே, இளம் வயதில் இறந்துபோனார்.

[திரையில்: வானொலிப் பெட்டி]

வானொலி முழுக்கக் கதவைச் சாத்திவிடவும் இல்லை. கடலில் கப்பலிலிருந்து ஒலிபரப்பிய ரேடியோ லண்டன் 1967 ஆகஸ்டில் மூடப்பட்டதும், அதன் அறிவிப்பாளர் ஜான் பீல் பிபிசிக்கு வந்து 'டாப் கியர்' நிகழ்ச்சியை நடத்தினார். இசைக்கலைஞர் சங்கத்தோடு இருந்த ஒப்பந்தப்படி, பிபிசி நாளொன்றுக்கு இத்தனை மணி நேரம்தான் இசைத்தட்டு போடலாம் என்று வரம்பு இருந்தது. மீதி நேரத்தை நிரப்பக் குழுக்களை ஸ்டுடியோவுக்கே அழைத்துப் பதிவு செய்தார்கள். அதனால் ஆல்பம் வராத குழுவும் வானொலியில் கேட்டது. கிங் கிரிம்ஸனும் அப்படி வாசித்த குழுதான்.

அமெரிக்காவில் கதை வேறு. பெரிய நகரங்களில் ஏஎம் நிகழ்ச்சியையே எஃப்எம்மில் பாதி நேரத்துக்கு மேல் திரும்ப ஒலிபரப்பக் கூடாது என்று 1960-களின் நடுவில் அரசு விதி கொண்டுவந்தது. காலியான நேரத்தில் எஃப்எம் நிலையங்கள் நீளப் பாட்டுகளைத் துணிந்து போட்டன.

1973 மே மாதம் மைக் ஓல்ட்ஃபீல்டின் 'ட்யூபுலர் பெல்ஸ்' வந்தபோது அவருக்கு 20 வயது. பெரும்பாலான கருவிகளை அவரே வாசித்திருந்தார். பீல் அதைத் தன் நிகழ்ச்சியில் முழுதாக ஒலிபரப்பினார். அமெரிக்கர்கள் பலர் அதை முதலில் கேட்டது சினிமா தியேட்டரில். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' என்ற பேய்ப் படம் அதன் தொடக்கப் பகுதியைப் பயன்படுத்தியது. படம் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய் அந்த ஆல்பத்தை வாங்கியவர்களுக்குக் கிடைத்தது, ஒரு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே உருப்படிகள் கொண்ட எல்பி.