ரிசல்ட் நெகட்டிவ், பயம் மட்டும் ஏன் போகவில்லை?

[திரையில்: ஆய்வக அறிக்கை. 'எச்.ஐ.வி. 1, 2: நான்-ரியாக்டிவ்' என்ற வரி பெரிதாகிறது.]

வணக்கம். தொற்று இல்லை என்று சொல்லும் இந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டே இரவெல்லாம் தூங்காமல் கிடப்பவர்கள் உண்டு. எப்போதோ ஒருமுறை ஆணுறை இல்லாமல் உறவு கொண்டிருப்பார்கள். பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்திருக்கும். ஆனாலும், "ரத்த மாதிரி மாறியிருக்குமோ? சீக்கிரமே பார்த்துவிட்டேனோ?" என்று மனம் அரிக்கும். அடுத்த வாரம் வேறொரு லேபில் கையை நீட்டுவார்கள்.

இதில் நாள் கணக்கு பற்றிய கேள்வி நியாயமானது. எச்.ஐ.வி. தொற்றிய மறுநாளே பரிசோதனையில் தெரியாது. ஆய்வகத்தில் ஆன்டிஜென் (கிருமியின் ஒரு பகுதி), ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக உடல் உருவாக்குவது) இரண்டையும் பார்க்கும் நான்காம் தலைமுறைப் பரிசோதனையில் தொற்று தெரிய, உறவு கொண்ட நாளிலிருந்து 18 முதல் 45 நாள் வரை தேவை. ஆன்டிபாடியை மட்டும் பார்ப்பதற்கு 90 நாள் வரை ஆகலாம். இடையில் புதிய தொடர்பு ஏதுமில்லாமல் அந்த 45 அல்லது 90 நாளும் முழுதாகக் கடந்து நெகட்டிவ் வந்தால், அதுவே முடிவான பதில். எச்.ஐ.வி. தொற்றாமலிருக்கத் தடுப்பு மருந்து சாப்பிட்டவர்கள் மட்டும் நாள் கணக்கை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உடலுறவால் பரவும் மற்ற நோய்களான சிபிலிஸ், கொனோரியாவுக்குத் தனித்தனிப் பரிசோதனைகள் உண்டு.

[காட்சி: குளியலறைக் கண்ணாடி முன் ஓர் இளைஞர்.]

நாள் கணக்கும் சரி, பயம் தீரவில்லையா? இவரைப் பாருங்கள். நெறி கட்டியிருக்கிறதா என்று கழுத்தை விரலால் அழுத்தி அழுத்திப் பார்க்கிறார். அழுத்திய இடமே வலிக்கத் தொடங்குகிறது. செல்போன் வெளிச்சத்தில் நாக்கை நீட்டுகிறார். பலருக்கும் இருக்கும் வெண்படலம் நோயாகத் தெரிகிறது. பதற்றத்தில் வியர்க்கிறது, வயிறு கலங்குகிறது, பசி போய் எடை குறைகிறது. இணையத்தில் தேடினால் இவை எல்லாமே எச்.ஐ.வி. அறிகுறிகளின் பட்டியலிலும் இருக்கின்றன!

மறுபடி பரிசோதித்தால் சில நாள் நிம்மதி. அந்த நிம்மதிதான் சிக்கல். ஊசி குத்தினால்தான் பயம் அடங்கும் என்று மனம் பழகிவிடுகிறது. அடுத்த சந்தேகம் இன்னும் சீக்கிரம் வருகிறது.

பலருக்கு இதன் அடியில் இருப்பது குற்ற உணர்ச்சி என்றே நினைக்கிறேன். 'தப்பு செய்தேன், தண்டனை வந்தே தீரும்' என்ற எண்ணத்தை எந்த லேபும் பொய்யென்று நிரூபிக்க முடியாது. வீட்டில் யாரிடமும் வாய் திறக்க முடியாததால் அது உள்ளேயே வளர்கிறது.

இதற்குச் சிகிச்சை இருக்கிறது. சோதித்துப் பார்க்கும் பழக்கத்தைப் படிப்படியாகக் கைவிடப் பயிற்சி தரும் மனநல சிகிச்சை நல்ல பலன் தரும். தேவைப்பட்டால் மருத்துவர் மாத்திரையும் தருவார்.

[திரையில்: 1097, 14416]

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையங்களில் ஆலோசனை இலவசம். உங்கள் எச்.ஐ.வி. விவரங்களின் ரகசியத்தை 2017ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. எச்.ஐ.வி. சந்தேகங்களுக்கு 1097, மனநல உதவிக்கு 14416. எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தயங்க வேண்டாம். "ரிசல்ட் நெகட்டிவ்தான், ஆனால் திரும்பத் திரும்பப் பரிசோதிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை" என்று சொன்னால் போதும். மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.