கப்பலில் கழுத்துப் பிடித்துவிட 600 வெள்ளி

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த நிகழ்ச்சியைத் தயாரிப்பவர் போன மாதம் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அக்கா, உல்லாசக் கப்பலில் ஸ்பா என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, அதற்குக் கொடுக்கிற காசு தகுமா? அதைப் பற்றிப் பேசுங்களேன்" என்றார். பினாங்கில் ஓர் அரசாங்க மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். ஊரார் முதுகைப் பிடித்தே பென்ஷன் வாங்குகிறவள். அதனால்தான் என்னைக் கேட்கிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அவருடைய மனைவி ஏற்கெனவே ஒரு கப்பல் பயணத்துக்கு முன்பணம் கட்டிவிட்டாராம்.

நானும் போய் வந்தவள்தான். என் பிறந்தநாளுக்கு மகள் ஏற்பாடு செய்த நான்கு இரவுப் பயணம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பவும் சிங்கப்பூர். ஆக, பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் வீட்டில் இருந்து பஸ் பிடித்துச் சிங்கப்பூர் போய், அங்கே கப்பல் ஏறி, மறுநாள் பிற்பகல் பினாங்குக்கே வந்து சேர்ந்தோம். "சொந்த ஊரைச் சுற்றிப் பார்க்க இவ்வளவு செலவு செய்கிற குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும்" என்று என் வீட்டுக்காரர் பயணம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஏறிய நாளிலேயே ஸ்பாக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளைச் சட்டையில் இரண்டு பெண்கள், கையில் குலுக்கல் சீட்டு. "வந்து சுற்றிப் பாருங்கள், பரிசு விழலாம்" என்றார்கள். போனோம். எலுமிச்சைப்புல் வாசனை, மெல்லிய இசை, சின்னக் கிண்ணத்தில் இஞ்சித் தேநீர். விலைப் பட்டியலைத் திறந்தால் 50 நிமிட மசாஜ் 169 அமெரிக்க டாலர். கீழே பொடி எழுத்தில், இதோடு 18 விழுக்காடு சேவைக் கட்டணம். மலேசிய வெள்ளியில், அதாவது ரிங்கிட்டில், போட்டுப் பார்த்தால் 840 பக்கம் வந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பரிசும் விழவில்லை.

ஏன் இந்த விலை என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலான பெரிய கப்பல்களில் ஸ்பாவைக் கப்பல் நிறுவனம் நடத்துவதில்லை. வெளி நிறுவனம் ஒன்று குத்தகைபோல எடுத்து நடத்தும். வருகிற காசில் கப்பலுக்குப் பங்கு போகும். 1901-இல் லண்டனில் ஒரு முடிதிருத்தும் கடையாகத் தொடங்கிய ஸ்டைனர் என்ற பெயர் இந்தத் தொழிலில் பழையது. அந்த வழியில் வந்த ஒன்ஸ்பாவேர்ல்ட் நிறுவனம் 2019-இல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம் பிடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களில் அவர்கள் ஸ்பா நடத்துகிறார்கள். நான் போன கப்பலில் நடத்தியது யார் என்று கேட்கவில்லை, கப்பல் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் தெளிவு. நாம் கொடுக்கிற ஒரு டாலரை இரண்டு முதலாளிகள் பிரித்துக்கொள்கிறார்கள். அதிலும் நடுக்கடலில் எதிர்க்கடை என்று ஒன்று கிடையாது. பினாங்கில் ஒரு கடைக்காரர் 80 வெள்ளி கேட்டால், பக்கத்துக் கடையில் 65 என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். மலாக்கா நீரிணையில் இருந்துகொண்டு யாரிடம் போய் அப்படிச் சொல்வது?

சரி, வேண்டாம் என்று வந்தவள் எப்படி மறுநாளே போய்ப் படுத்தேன்? முதல் இரவு தூங்கி எழுந்ததும் கழுத்து பிடித்துக்கொண்டது. இடது பக்கம் திரும்ப முடியவில்லை. கோடாலித் தைலம் தடவிப் பார்த்தேன், கேட்கவில்லை. அப்போது அறைக் கதவுக்கு அடியில் ஒரு தாள் வந்து கிடந்தது. கப்பல் பினாங்கில் நிற்கும் நேரத்தில் வந்தால் அதே மசாஜ் 119 டாலர்.

இது உள்ளபடியே நல்ல ஏற்பாடு, குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் கரையில் நிற்கும்போது பயணிகள் எல்லோரும் ஊர் பார்க்க இறங்கிவிடுவார்கள், ஸ்பா கட்டில்கள் காலியாகக் கிடக்கும். அதனால் விலையைக் குறைப்பார்கள். கடலில் போகிற நாள்களில் அந்தக் குறைப்பு கிடைப்பது அபூர்வம். இன்னொரு வசதியும் உண்டு, நிற்கிற கப்பல் ஆடாது. ஸ்பாவைப் பெரும்பாலும் கப்பலின் மேல்தளத்தில், முன்பக்கத்தில் வைத்திருப்பார்கள், காட்சி நன்றாக இருக்கும் என்று. ஆனால் கப்பலில் ஆட்டம் அதிகம் தெரிகிற இடமும் அதுதான். நம் நீரிணை பெரும்பாலும் குளம் மாதிரி கிடக்கும், பயமில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் புக்கெட் பக்கம் கடலில் குப்புறப் படுத்து, மசாஜ் கட்டிலின் ஓட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு 50 நிமிடம் கிடந்து பாருங்கள். காலை உணவு எந்தத் திசையில் போகும் என்று சொல்ல முடியாது.

ஊர்க்காரிக்கு ஊர் பார்க்க என்ன இருக்கிறது? எல்லோரும் இறங்கினார்கள், நான் மேலே போனேன்.

முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். என்ன நோய், என்ன மருந்து என்று ஒரு பக்கம். "உடம்பில் எந்தப் பகுதியை மேம்படுத்த விரும்புகிறீர்கள்?" என்று இன்னொரு பக்கம். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா முதல் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று கோடு போட்டுவிட்டு இரண்டாம் பக்கத்தை நிதானமாக நிரப்பினார். நம் ஆள்கள் பலரும் இப்படித்தான். மலேசிய இந்தியர்களிடையே சர்க்கரை நோய் மற்றவர்களைவிட அதிகம் என்று சுகாதார அமைச்சின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. நீண்ட நாள் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். அந்தக் காலில் சூடான கல்லை வைத்தால் தோல் வெந்தபிறகுதான் தெரியும். மருத்துவமனையில் சுடுநீர்ப் பையால் வந்த கொப்புளங்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அழுத்தமான மசாஜ் எடுத்தால் கன்றிப்போகும். நீண்ட பயணத்துக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அதை யாரிடமும் பிடித்துவிடக் கொடுக்காதீர்கள், உள்ளே இரத்தக்கட்டி இருக்கலாம். நேராக மருத்துவரிடம் போங்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டுவிட்டு நீராவி அறையில் ரொம்ப நேரம் உட்காருவதும் ஆபத்து, எழும்போது தலை சுற்றிக் கீழே விழுவீர்கள். முதல் பக்கத்தை ஒழுங்காக நிரப்பினால் சில சமயம் "உங்களுக்கு இது வேண்டாம்" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு நாள் முழுக்க அதைவிட லாபமான வார்த்தை கிடைக்காது.

எனக்கு வாய்த்த பெண்ணுக்கு வயது இருபத்தைந்து இருக்கும். சட்டையில் இந்தோனேசியா என்று எழுதியிருந்தது. மலாயில் பேச்சுக் கொடுத்தேன். மேடான்காரப் பெண்ணாம். பினாங்கில் இருந்து நீரிணையைத் தாண்டினால் மேடான்தான். ஆங்கிலத்தில் "மேடம், மேடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் உடனே "மக்சிக்", அதாவது அத்தை, என்று கூப்பிட ஆரம்பித்தார். எட்டு மாத ஒப்பந்தம், அதில் ஆறு மாதம் ஓடிவிட்டது என்றார்.

நல்ல கை. இதை நான் சொல்லாமல் விட்டால் பாவம். கழுத்தின் பக்கத்தில், தோள்பட்டை எலும்பின் மேல்முனையில் ஒரு முடிச்சு இருக்குமே, அதைத் தேடாமலேயே கண்டுபிடித்தார். அவசரமே இல்லை. கட்டைவிரலை வைத்து, மூச்சு விடச் சொல்லி, விட்டபிறகுதான் அழுத்தினார். என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு அந்த ஒன்றைச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஆறு மாதம் ஆகும். முகம் வைக்கும் ஓட்டைக்குக் கீழே தரையில் ஒரு கிண்ணம், அதில் தண்ணீர், தண்ணீரில் இரண்டு ஆர்க்கிட் பூ. கப்பல் நின்றுகொண்டிருந்தாலும் எங்கோ இயந்திரம் ஓடியது. தண்ணீரில் மெல்லிய வட்டம் வந்து வந்து போனது. அதையே பார்த்துக்கொண்டு பாதி தூங்கிவிட்டேன்.

எழுந்து உட்கார்ந்ததும் வியாபாரம் தொடங்கியது. ஒரு தாளில் எனக்கான 'பரிந்துரை'. தசைக்கு ஒரு எண்ணெய், தோலுக்கு ஒரு பசை, உடம்பில் தேங்கிய நச்சை வெளியேற்றக் கடற்பாசி மாத்திரை, பாதத்துக்கு, செருப்புக்குள் வைக்கிற ஒரு ஜோடி அட்டை. மொத்தம் 300 டாலரைத் தாண்டியது. "உங்கள் தசையில் நிறைய நச்சு இருக்கிறது, மேடம்." பேச்சு மறுபடியும் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது, மக்சிக் மேடமாகிவிட்டேன்.

இந்த நச்சுக் கதை கப்பலில் மட்டும் சொல்வதில்லை, எங்கள் பினாங்கு தஞ்சோங் தொக்கோங்கிலும் சொல்கிறார்கள். உடம்பின் கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். தசையைப் பிசைந்து நச்சை வழித்து எடுக்க முடியாது. அழுத்தும்போது கறக் கறக் என்று தட்டுப்படுவது இறுகிப்போன தசைதான். கடற்பாசி பூசி, துணி சுற்றி, மின்சாரம் விட்டு, டேப் வைத்து அளந்து, "இடுப்பு ஒரு அங்குலம் குறைந்துவிட்டது" என்று காட்டுவார்களே, அது அடுத்த வேளை சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் திரும்பி வந்துவிடும். கப்பலில் சாப்பாடு எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் மசாஜால் பலனே இல்லையா? உண்டு, ஆனால் அளவு தெரிந்து எதிர்பார்க்க வேண்டும். கீழ்முதுகு வலிக்கு மசாஜ் பற்றி நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பு 2015-இல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடக் கொஞ்ச நாளைக்கு வலி குறைகிறது, நீண்ட நாளைக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை, ஆய்வுகளின் தரமும் பலவீனம் என்றது. என் 31 வருட அனுபவமும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. கொஞ்ச நாள் சுகத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது அவரவர் பணப்பை.

வலிதான் பிரச்சினை என்றால் கரையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் மகன் வீட்டுக்குப் போனால் நான் பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்காமல் வரமாட்டேன். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் கடைகள். நான் போகிற கடையில் ஒரு மணி நேரத்துக்கு 70 வெள்ளி கொடுக்கிறேன். ஆர்க்கிட் பூ கிடையாது, மின்விசிறிதான். பக்கத்துக் கட்டிலில் ஆள் குறட்டை விடுவார். ஆனால் அந்த விரல்களுக்குத் தெரியாத நரம்பு கிடையாது.

கப்பலில்தான் செலவு செய்வேன் என்று இருப்பவர்களுக்கு நான் சொல்வது மசாஜை அல்ல, வெப்ப அறைகளை. சூடேற்றிய, ஓடு பதித்த கட்டில், நீராவி அறை, கடலைப் பார்த்த பெரிய கண்ணாடி. பயணம் முழுக்கச் செல்லும் ஒரே சீட்டு விற்பார்கள். ஏழு நாள் பயணத்தில் தினம் இரண்டு மணி நேரம் போய்க் கிடந்தால் காசு கழிந்துவிடும். யாரும் வந்து பசை விற்கமாட்டார்கள். நான்கு இரவுப் பயணத்துக்கு அது கட்டாது. சில கப்பல்களில் உடற்பயிற்சிக் கூடத்தின் உடைமாற்றும் அறையிலேயே இலவச சோனா இருக்கும். அதைப் பற்றி யாரும் தாள் அனுப்பமாட்டார்கள், நாமே கேட்க வேண்டும்.

மேடான் பெண்ணிடம் "எனக்கு ஒன்றும் வேண்டாம், கண்ணு" என்று மலாயில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தி, "தாளை நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள் மக்சிக், கொடுத்தேன் என்று நான் காட்ட வேண்டும்" என்றார். எடுத்துக்கொண்டேன். பில்லில் 18 விழுக்காடு ஏற்கெனவே ஏறியிருந்தது. அதற்குக் கீழே 'கூடுதல் அன்பளிப்பு' என்று இன்னொரு கோடு காலியாக இருந்தது. அதில் சைபர் போட்டுவிட்டு, பையில் இருந்த 20 வெள்ளியை அவர் கையில் வைத்தேன். மொத்தம் 140 டாலர், 600 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு.

கழுத்து திரும்பியது. அறைக்கு வந்து கொஞ்ச நேரம் சாய்ந்தேன், மறுபடியும் இழுத்தது. எழுந்து தலையணையைப் பார்த்தேன். ஒரு சாண் உயரம், வாத்து இறகு வைத்துத் தைத்தது, தலையை வைத்தால் கழுத்து மட்டும் அந்தரத்தில் நிற்கும். நோயாளி யாராவது கழுத்து வலி என்று வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வியே "என்ன தலையணையில் படுக்கிறீர்கள்?" என்பதுதான். 31 வருடம் கேட்ட கேள்வி.

கப்பல் புறப்பட இரவு வரை நேரம் இருந்தது. சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கி, மணிக்கூண்டுப் பக்கம் ஒரு கிராப் வாடகைக் கார் பிடித்து, ஜெலுத்தோங் வீட்டுக்குப் போய், துளசிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு, என் பழைய இலவம்பஞ்சுத் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினேன். எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் ஜாதிக்காய், தாவ் சார் பியா பலகாரப் பெட்டி என்று வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். சோதனை இயந்திரத்தில் தலையணையை வைத்தேன். காவலர் அதை இரண்டு முறை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"இது என்ன, மேடம்?"

"பினாங்கில் வாங்கியது" என்றேன்.