காட்பாடியில் இறங்குகிறவர்களுக்கு ஒரு அறை

நேயர்களுக்கு வணக்கம். வேலூரைப் பற்றியும் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு அந்த இரண்டையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்ட தன் ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி ஒரு கடிதம் எழுதுகிறார். சீக்கிரம் திரும்பிவிடலாம், மூட்டையைக் கட்டி வையுங்கள் என்றில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறார். அது எதிரியின் பட்டணம், அதற்காகத்தான் ஜெபிக்கச் சொல்கிறார்! அப்படியிருக்க, நம் சபை, நம் ஜனம் என்று காம்பவுண்டு சுவருக்குள்ளேயே நாம் நின்றுவிட்டால் அது எந்த வேதத்தில் இருக்கிறது?

ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் டாக்டராக வேலூருக்கு வந்து, 1902இல் ஆஸ்பத்திரி திறந்து (ஆரணி ரோட்டில் ஷெல் கண் ஆஸ்பத்திரி இருக்கிறதே, அதுதான்), 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கி, அது இன்றைய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆக வளர்ந்த கதை உங்களுக்குத் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாத இன்னொன்றைச் சொல்லவேண்டும் என்று வந்திருக்கிறேன்.

1948 வாக்கில் பால் பிராண்ட் என்ற டாக்டர் இங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை ஆபரேஷன் செய்து நிமிர்த்த ஆரம்பித்தார். விரல் நீண்டது, டம்ளரைப் பிடிக்க முடிந்தது. ஆனால் ஊருக்குத் திரும்பினால் வேலை கிடையாது, வாடகைக்கு ஒரு அறை கிடையாது. சிலர் திரும்பி வந்து, டாக்டர், இந்தக் கையை வைத்துக்கொண்டு பிச்சை எடுக்கவும் முடியவில்லையே என்று அவரிடமே சொன்னார்கள். மடங்கின கையைப் பார்த்துக் காசு போட்டவர்கள் நேரான கையைப் பார்த்துப் போடவில்லை. கையைச் சரிசெய்ய டாக்டர் இருந்தார், இடம் கொடுக்கத்தான் ஊரில் ஆள் இல்லை. அதனால் 1951இல் கல்லூரி வளாகத்திலேயே குடிசைகள் போட்டு, நவஜீவ நிலையம் என்று பெயர் வைத்து, அவர்களுக்குத் தச்சுவேலை கற்றுக்கொடுத்தார்கள். ஆபரேஷனைவிட இந்தக் குடிசைகள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

இன்றைக்குக் காட்பாடி ஸ்டேஷனில் போய் நின்று பாருங்கள். கல்கத்தா பக்கமிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிற ரயில்கள், கையில் ஸ்கேன் படம் வைத்த பிளாஸ்டிக் பை, மொழி தெரியாத முகம், கூடவே ஒரு வயதான அம்மா. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் பெயர்ப்பலகைகூட வங்காளத்தில் இருக்கிறது, அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கின்றன. வார்டில் படுத்திருப்பவரை நர்சம்மா பார்த்துக்கொள்வார், சரி. மற்றவர்கள் லாட்ஜ் அறையில் சோறு வடித்துக்கொண்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறார்கள், ஒரு நாள் கூடினாலும் கையிருப்பு கரைகிறது. அவர்களை யார் பார்ப்பது? ஆட்டோ ஓட்டுகிறவர், லாட்ஜ் வைத்திருப்பவர், மருந்துக்கடையில் நிற்கிற பையன், இவர்களில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள்தானே. ஊழியம் என்றால் மைக் பிடிப்பது என்று நாமே அவர்களைப் பழக்கிவிட்டோம். மொழி தெரியாதவரிடம் சரியான கட்டணத்தை வாங்கிக்கொண்டு, சரியான கேட்டில் இறக்கிவிடுவது ஊழியம் இல்லையா? என்னைக் கேட்டால், அந்த ஆட்டோக்காரருக்காகத்தான் சபை முதலில் ஜெபிக்கவேண்டும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பல சபைகளில் ஆலயத்துக்குப் பின்னால் ஒன்றிரண்டு அறைகள் பழைய பெஞ்சுகளோடு பூட்டிக் கிடக்கின்றன. இந்த ஞாயிறே உங்கள் போதகரிடமும் கமிட்டிக்காரர்களிடமும் பேசுங்கள். வாடகை வாங்கவேண்டுமானால் வாங்கலாம், நியாயமாக வாங்குங்கள். தண்ணீர் வருகிற குழாயும், சமைக்க ஒரு அடுப்பும், உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய கதவும் இருந்தால் ஒரு குடும்பம் அங்கே தங்கிக்கொள்ளும். எந்த ஊர், எந்த மதம் என்று கேட்கவேண்டாம்.

நன்றி, வணக்கம்.