ஐம்பது வயதில் ஓடுகிறவர்கள் எங்கே ஓடுகிறார்கள்?

நடுவர் அவர்களே, இரு அணியினரே, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தச் சாட்ஸ்வொர்த்தில் கூடியிருக்கும் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம். நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது, நேரே விஷயத்துக்கு வருகிறேன். புதிய கனவைத் தொடங்க ஏற்ற பருவம் இளமையா, நடுவயதா என்பது தலைப்பு. நடுவயதே என்பது எங்கள் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய தம்பி நன்றாகவே பேசினார். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டபோது காந்திக்கு வயது 23 என்றார். தில்லையாடி வள்ளியம்மை உயிர்விட்டபோது 16 என்றார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கடைசியில் ஒன்று சொன்னாரே, "அம்பது வயசுல ஒருத்தர் ஓடுறார்னா ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுறார்" என்று! மண்டபமே கைதட்டியது. தட்டுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.

தம்பி, டர்பனில் நின்றுகொண்டு ஓட்டத்தைப் பற்றியா பேசுகிறீர்கள்? நம் ஊருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 1921-இல் தொடங்கிய காம்ரேட்ஸ் ஓட்டம் இன்றும் நடக்கிறது. கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வாலி ஹேவர்ட் என்பவர் இதில் ஐந்து முறை வென்றார். முதல் வெற்றி 1930-இல், 21 வயதில். மற்ற நான்கும் எப்போது? 1950, 51, 53, 54. நான்கும் நாற்பதைத் தாண்டிய பிறகு! அதோடு விட்டாரா? 1989-இல், 80 வயதில், மறுபடி ஓடினார். அப்போது கெடு பதினொரு மணி நேரம். கெடு முடிய முழுதாக இரண்டு நிமிடம்கூட இல்லை, அந்த நேரத்தில் கோட்டைத் தாண்டினார். சொல்லுங்கள் தம்பி, அவர் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினார்?

அவர் வீரர், அவரை விடுங்கள், நம் வீட்டுப் பெண்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பீர்கள். சரி, என் அண்ணியைப் பற்றிச் சொல்கிறேன்.

அண்ணி கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே துணி ஆலையில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவர். வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்ததும் ஆலையை மூடிவிட்டார்கள். அண்ணிக்கு 51 வயது. பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள், வேலை இல்லை. ஒருநாள் விடியற்காலை நாலரை மணிக்கு மகனுடைய பழைய டெக்கி ஷூவை மாட்டிக்கொண்டு, பஞ்சாபி சட்டையோடு தெருவில் ஓட ஆரம்பித்தார். ஓட்டம் என்றால் என்ன ஓட்டம், இந்த விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம், அதற்கு அடுத்த கம்பம் வரை நடை. பக்கத்து வீட்டு ஆயா ஜன்னலைத் திறந்து கத்தினார், "யாருக்கு என்ன ஆச்சு? டாக்டரைக் கூப்பிடவா?"

கேட்டீர்களா தம்பி, அந்த ஆயாவும் உங்கள் கட்சிதான்!

மறுநாளும் அண்ணி ஓடினார், மறுநாளும் ஜன்னல் திறந்தது, "இன்னைக்கு யாருக்கு?" என்ற குரல். ஒரு வாரம் போனது. பிறகு ஜன்னலுக்குப் பதில் கதவு திறந்தது, ஆயா கையில் ஒரு சொம்புத் தண்ணீர். இன்னும் சில மாதங்களில் அண்ணி வர ஐந்து நிமிடம் தாமதமானால் ஆயா கேட்டருகில் நின்று "எங்கே காணோம்" என்று தெருவையே எழுப்பத் தொடங்கிவிட்டார். ஆயாவைத் தெரிந்தவர்கள் இங்கே சிரிக்கிறீர்கள், எனக்குத் தெரிகிறது!

இரண்டு வருடம் கழித்து அண்ணி ஒரு முழு மாரத்தானை முடித்துத் தகுதி பெற்று காம்ரேட்ஸில் நின்றார். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருட்டோடு தொடங்கி டர்பன் வரைக்கும் இறக்க ஓட்டம். இறக்கம் சுலபம் என்று நினைக்காதீர்கள். பைன்டவுனுக்கு முன்னால் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் தொடை இரண்டும் கல்லாகிவிடும். வழியில் யாரோ ஒரு ஜூலு அம்மா உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கை அண்ணியின் வாயிலேயே ஊட்டிவிட்டாராம், "ஓடு மகளே" என்று முதுகில் ஒரு தட்டும் தட்டினாராம்.

நாங்கள் கிங்ஸ்மீட் மைதானத்தில் காத்திருந்தோம். பன்னிரண்டு மணி நேரம் முடியும்போது ஓர் அதிகாரி ஓடிவருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியால் சுடுவார். ஏன் முதுகு? யார் வருகிறார்கள் என்று பார்த்தால் மனசு இளகிவிடும், அதனால். குண்டு வெடித்த பிறகு ஒரு அடி பின்னால் இருந்தாலும் பதக்கம் கிடையாது. அந்த ஆள் வந்து நின்றுவிட்டார், அண்ணியைக் காணோம். அண்ணன் பேசவேயில்லை. ஆயாதான் முதலில் பார்த்தார், "அதோ வர்றா! அதோ வர்றா!" என்று அந்த வயதில் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினார். அண்ணி கோட்டைத் தாண்டிச் சில நிமிடம் கழித்துத்தான் வெடித்தது. பதக்கம் செம்பில் செய்தது, உள்ளங்கையில் வைத்தால் சின்னதாக இருக்கும். ஆயா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை விடியற்காலை அண்ணியோடு தெருவில் நடந்தது யார் தெரியுமா? அதே ஆயா! ஐம்பது என்ன, அவருக்கு எழுபதுக்கு மேல்.

இப்போது வள்ளியம்மை. தம்பி, அவள் உங்கள் சாட்சி இல்லை. ஒப்பந்தக் கூலி முடிந்த இந்தியர்கள் மேல் போட்ட 3 பவுன் வரியை எதிர்த்த போராட்டத்தில் மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் போய்ச் சேர்ந்த பிள்ளை. அவளுக்கு நாற்பது வயது கிடைக்கவேயில்லை. கிடைத்திருந்தால் என்னவெல்லாம் செய்திருப்பாள்! நீங்கள் சொன்ன காந்தி உப்பெடுக்க நடந்தபோது அவருக்கு 60 வயது.

இன்னொன்றும் கேட்கிறேன். இந்த நாட்டில் நம் பெற்றோருக்கு இளமையை யார் விட்டுவைத்தார்கள்? காம்ரேட்ஸிலேயே 1975 வரை பெண்களுக்கும் வெள்ளையர் அல்லாதவர்களுக்கும் அதிகாரபூர்வ இடம் கிடையாது. என் அம்மா டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். டீச்சராக வேண்டும் என்பது ஆசை. அறுபதுகளில் நிறவெறி அரசு குடும்பத்தையே அங்கிருந்து கிளப்பி இங்கே சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டது. செலவு கட்டுப்படியாகவில்லை, அம்மாவின் பள்ளிக்கூடம் பதினாலு வயதோடு நின்றது. 1994 ஏப்ரல் 27 அன்று எல்லா நிறத்தவரோடும் ஒரே வரிசையில் நின்று வாக்குப் போட்டபோது அம்மாவுக்கு 44 வயது. அன்று இரவு வீட்டுக்கு வந்து, "நான் மறுபடி படிக்கப் போறேன்" என்றார்.

படித்தார். பாத்திரம் கழுவி முடித்து, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சமையல்கட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்து, "இந்தப் பின்னத்தை எப்படிம்மா கூட்டுறது?" என்று கேட்பார். எனக்கு அ, ஆ சொல்லித்தந்த அம்மா என்னை "அம்மா" என்று கூப்பிட்டுக் கேட்டார். மெட்ரிக் பாஸ் செய்தார். சாகும்வரை தெருக்கோடி க்ரேஷில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், குழந்தைகளுக்கு டீச்சராக இருந்தார். அம்மாவின் சாவுக்கு அந்தக் குழந்தைகள் வரிசையாக வந்து நின்றார்கள்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை நீங்கள் எப்படிச் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன். இங்கே அம்மாவோடு வந்திருக்கிற பிள்ளைகளிடம் மட்டும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போகிற வழியில் காரிலேயே கேளுங்கள், "உனக்கு என்னவாக ஆசை இருந்தது?" என்று. "ஒண்ணுமில்லைடா" என்றுதான் முதலில் சொல்வார்கள். விடாதீர்கள், மறுபடி கேளுங்கள். நன்றி, வணக்கம்.