566 கெஜம் எங்கே போனது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

கல்லூரி அளவில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர்களில் ஒரே பருவத்தில் பந்தோடு ஓடிச் சிகரம் தொட்டவர் யார், 1988-இன் பாரி சாண்டர்ஸா, 2024-இன் ஆஷ்டன் ஜென்டியா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்: "சாண்டர்ஸ் 2,628 கெஜம், ஜென்டி 2,601. வெறும் 27 கெஜம்தானே!"

ஐயா, அந்த 2,601-ஐ எட்ட பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜென்டிக்கு 14 ஆட்டம் கிடைத்ததே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? ஓக்லஹோமா ஸ்டேட்டின் சாண்டர்ஸ் ஆடியது 11. ஆட்டத்துக்கு 238.9 கெஜம் அவருக்கு, இவருக்கு 185.8. பதினோராவது ஆட்டம் முடிந்தபோது ஜென்டியின் கணக்கில் இருந்தது 2,062. சாண்டர்ஸைவிட 566 கெஜம் பின்னால். கோல் கோட்டிலிருந்து கோல் கோட்டுக்கு மைதானமே 100 கெஜம்தான்!

"எளிதாக ஜெயித்த ஆட்டங்களில் ஜென்டியை இரண்டாம் பாதியில் உட்கார வைத்தார்கள்" என்றார்கள். உண்மைதான். ஆனால் மொத்தமாக யார் கையில் பந்து அதிகம் போனது? ஜென்டிக்கு 374 முறை, சாண்டர்ஸுக்கு 344. முப்பது வாய்ப்பு கூடுதல், 27 கெஜம் குறைவு.

அடுத்தது பௌல் ஆட்டம். பருவம் முடிந்தபின் நடக்கும் அதைக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் சாதனைக் கணக்கில் சேர்க்கத் தொடங்கியதே 2002-இல்தான். ஜென்டி ஃபியஸ்டா பௌலில் பென் ஸ்டேட்டுக்கு எதிராக 30 முறை ஓடி எடுத்த 104 கெஜம் அவர் கணக்கில் இருக்கிறது. சாண்டர்ஸ் ஹாலிடே பௌலில் வயோமிங்கை எதிர்த்து 222 கெஜம் ஓடினார், எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோகும் டச்டவுன் ஐந்து அடித்தார். அது ஏட்டில் இல்லை. ஒரே தராசில் நிறுத்தால் சாண்டர்ஸுக்கு 2,850.

இனி ஓட்டத்துக்கு வருகிறேன். வழி அடைத்திருந்தால் பெரும்பாலான ஓட்டக்காரர்கள் தலையைக் குனிந்து முட்டி, இரண்டு கெஜமாவது தேற்றுவார்கள். சாண்டர்ஸ் முட்டமாட்டார். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். தொடை தூண் மாதிரி. இடுப்பைத் தாழ்த்தி, இரண்டு காலையும் ஒருசேர ஊன்றிப் பக்கவாட்டில் ஒரு தாவல். பிடிக்க வந்தவர் முழு வேகத்தில் வருவதால் திரும்ப முடியாமல் வெறுங்காற்றைக் கட்டிக்கொண்டு விழுவார். இதில் ஆபத்தும் உண்டு. தாவும் நேரத்தில் பின்னாலிருந்து ஒருவர் பிடித்துவிட்டால், இழந்த கெஜத்தை மொத்தத்தில் கழித்துவிடுவார்கள். அப்படிக் கழித்தபிறகும் முறைக்கு 7.6 கெஜம் என்பதுதான் எனக்கு வியப்பு!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவர் தனியாளாக ஓடவில்லை. சக ஆட்டக்காரர்களில் மைக் கண்டி பந்தை எறிவார், ஹார்ட் லீ டைக்ஸ் பிடிப்பார். அந்தப் பயத்தில் எதிரணி எல்லா ஆளையும் முன்வரிசைக்கு இழுக்க முடியாது. ஜென்டிக்கு எதிரே முன்வரிசையில் கூட்டம் நெரிசல்தான். ஆனால் அந்தச் சலுகை மூன்று ஆட்டத்துக்கு ஈடாகுமா?

கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டும் சாண்டர்ஸ், முதன்மை ஓட்டக்காரர் தர்மன் தாமஸுக்கு மாற்று ஆள். முதன்மை இடம் கிடைத்தது ஒரே பருவம். அதற்குள், அதுவரை ஒரே பருவச் சாதனையாக இருந்த மார்கஸ் ஆலனின் 2,342 கெஜத்தைத் தாண்டினார். ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் இருந்தது டோக்கியோவில். அங்கே டெக்சஸ் டெக்குக்கு எதிராக 44 முறை ஓடி 332 கெஜம் எடுத்தார்.

"எண்ணிக்கைக்காக ஓடினார்" என்று ஓர் அம்மையார் குத்தினார். கல்லூரிக்குப் பிறகு, தொழில்முறை லீக்கின் டெட்ராய்ட் லயன்ஸ் அணியில் முதல் ஆண்டு, 1989. ஓடி எடுத்த கெஜத்தில் லீக்கின் முதலிடத்துக்குப் பத்து கெஜம்தான் பாக்கி. கடைசி ஆட்டம் கைக்குள் வந்துவிட்டது. மறுபடி இறங்கச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். 1999-இல், லீக்கில் வாழ்நாள் மொத்தமாக ஓடிய கெஜத்தில் வால்டர் பேட்டனின் சாதனைக்கு 1,457 கெஜம் பாக்கி இருக்கும்போதே ஓய்வை அறிவித்தார்.

நடுவர் அவர்களே, தீர்ப்பெழுதும் தாளில் 2,628-க்குப் பக்கத்தில் அந்த விட்டுப்போன 222-ஐயும் எழுதிக்கொண்டு கூட்டிப்பாருங்கள்.